என் கண்ணும் பிறர் சொல்லும்

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் குழந்தைகளுக்குக் குறள் ஒப்புவித்தல் போட்டி நடந்தது அன்பர்களுக்கு நினைவிருக்கலாம். மூன்று நடுவர்களில் நானும் ஒருவன். பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். நீலச் சட்டை அணிந்த ஒரு சிறுவன் நடுவில் ஒரு குறளில் தடுமாறினான். ஆனால் மற்றவற்றைப் பொருள் உணர்ந்து, நிறுத்தி, நிதானமாகச் சொன்னான். அவனுக்குப் பென்சிலால் 8 என்று குறித்துக்கொண்டேன். அடுத்து வந்த சிறுமி மூச்சு விடாமல் கடகடவென்று ஒப்பித்துவிட்டு ஓடினாள். அவளுக்கு 6 போட்டேன்.

அப்போது பக்கத்தில் இருந்த நடுவர் என் பக்கம் சாய்ந்து, "இந்தக் குழந்தைக்குத்தான் சார் முதல் பரிசு, சந்தேகமே இல்லை" என்றார். அவர் என்னைவிட மூத்தவர், முறையாகத் தமிழ் படித்தவர். அவருக்கு அப்பால் இருந்தவரும் தலையை ஆட்டினார். நான் ரப்பரை எடுத்தேன். 8 ஏழாயிற்று. 6 ஒன்பதாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, "ஏங்க, அந்த நீலச் சட்டைப் பையன்தானே நன்றாகச் சொன்னான்? உங்கள் காதில் விழவில்லையா?" என்று கேட்டாள். என் காதில் நன்றாகவே விழுந்தது. யாரும் என்னை மிரட்டவில்லை. மதிப்பெண்ணை மாற்று என்று சொல்லவுமில்லை. பிறகு ஏன் மாற்றினேன்? அன்று குழந்தைகள் ஒப்பித்தது அறிவுடைமை அதிகாரம். எந்தப் பொருளை யார் சொல்லக் கேட்டாலும் அதன் உண்மையைக் காண்பதே அறிவு என்று வள்ளுவர் அதில்தான் சொல்கிறார். அதைக் கேட்டுக்கொண்டே நான் ரப்பரைத் தேடியிருக்கிறேன்!

நான் டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் வேலை பார்த்தவன். மனோதத்துவம் படித்தவன் அல்லன். ஆனால் இந்தக் கேள்விக்கு விடை தேடிச் சில நூல்களைப் படித்தேன். 'நான்' என்று நாம் சொல்லிக்கொள்கிற ஒன்றில் பிறருடைய பங்கு எவ்வளவு என்பதை அறிஞர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். அளவு என்றால் எனக்குப் பிடிக்கும். எனவே அதைப் பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரு கோடும் மூன்று கோடுகளும்

சாலமன் ஆஷ் என்பவர் 1907ல் போலந்தின் வார்சா நகரில் பிறந்தவர். 1920ல் குடும்பத்தோடு அமெரிக்கா சென்றார். பிற்காலத்தில் ஸ்வார்த்மோர் கல்லூரியில் மனோதத்துவப் பேராசிரியராக இருந்தார். அவருடைய சிறு வயதில் நடந்ததாக அவரே சொன்ன ஒரு நிகழ்ச்சி உண்டு. யூதர்களின் பஸ்கா பண்டிகை இரவில் அவருடைய பாட்டி கூடுதலாக ஒரு கோப்பையில் திராட்சை ரசம் ஊற்றி வைத்தார். "இது யாருக்கு?" என்று ஏழு வயது ஆஷ் கேட்டார். "எலியா தீர்க்கதரிசிக்கு. நன்றாகக் கவனி, கோப்பையில் கொஞ்சம் குறையும்" என்றார் பக்கத்தில் இருந்த மாமா. சிறுவன் கண் கொட்டாமல் பார்த்தான். குறைந்தது போலவே தெரிந்தது.

அந்தச் சிறுவன் பெரியவராகிச் செய்த சோதனை மிக எளிமையானது. ஒரு அட்டையில் ஒரே ஒரு கோடு. இன்னொரு அட்டையில் வேறு வேறு நீளத்தில் மூன்று கோடுகள். மூன்றில் எது முதல் கோட்டுக்குச் சமம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். முதல் கோடு 10 அங்குலம் என்றால் மற்ற மூன்றும் 8¾, 10, 8 அங்குலம் என்று இருக்கும். தனியாக உட்கார்ந்து சொல்லும்போது நூற்றுக்கு ஒரு தவறு கூட வருவதில்லை.

ஓர் அறையில் ஏழு முதல் ஒன்பது மாணவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷ் முன்கூட்டியே சொல்லிவைத்த ஆட்கள். அந்த ஒருவருக்கு இது தெரியாது. அவருடைய முறை கடைசியிலோ கடைசிக்கு முன்னாலோதான் வரும். முதல் இரண்டு தடவை எல்லோரும் சரியாகச் சொல்வார்கள். மூன்றாவது தடவை முதல் ஆள் தவறான கோட்டைச் சொல்வார். அடுத்தவரும் அதையே சொல்வார். அதற்கடுத்தவரும் அதையே. வரிசை நம் ஆளிடம் வந்து நிற்கும். மொத்தம் 18 தடவை. அவற்றில் 12 தடவை இப்படி நடக்கும்.

மூன்று கல்வி நிறுவனங்களில் 123 மாணவர்களிடம் இதைச் செய்து, 1955ல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் முடிவை எழுதினார். மற்றவர்கள் தவறாகச் சொன்ன தருணங்களில் நம் ஆட்கள் சொன்ன விடைகளில் 36.8 சதவீதம் அந்தத் தவறான விடையே. தனியாக இருந்தபோது ஒரு சதவீதம் கூட இல்லாத தவறு, பக்கத்தில் ஆள் இருந்ததும் இவ்வளவு ஆயிற்று.

இந்தச் சோதனையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த எண்ணைச் சொல்லி, மனிதன் ஆட்டுமந்தை என்று முடித்துவிடுகிறார்கள். அது நியாயமல்ல. மீதி 63 சதவீத விடைகள் சரியானவை. சுமார் கால்வாசிப் பேர் ஒரு தடவை கூட வளைந்து கொடுக்கவில்லை. சிலர் ஏறக்குறைய எப்போதும் கூட்டத்தோடு போனார்கள். பெரும்பாலோர் இரண்டுக்கும் நடுவில் ஊசலாடினார்கள். நான் அந்த நடு ஆசாமி என்றே நினைக்கிறேன்.

பிறகு கூட்டத்தின் அளவை மாற்றிப் பார்த்தார். எதிரில் ஒரே ஒருவர் தவறாகச் சொன்னால் பாதிப்பு மிகக் குறைவு. இரண்டு பேர் என்றால் தவறு 13.6 சதவீதம். மூன்று பேர் என்றால் 31.8 சதவீதம். அதற்கு மேல் எத்தனை பேரைச் சேர்த்தாலும் பெரிதாக ஏறுவதில்லை. ஆக, ஒரு மனிதனைத் தன் கண்ணையே சந்தேகிக்க வைக்க ஊர் கூட வேண்டியதில்லை. மூன்று பேர் போதும்.

வளைந்து கொடுத்தவர்களைத் தனியே அழைத்துப் பேசியபோது பலவிதமான பதில்கள் வந்தன. "என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன்" என்றார்கள் சிலர். "முதல் ஆள் தவறாகச் சொல்லிவிட்டார், மற்றவர்கள் அவரைப் பின்பற்றுகிறார்கள் என்று தெரிந்தது, ஆனாலும் நானும் அதையே சொன்னேன்" என்றார்கள் சிலர். உறுதியாக நின்றவர்கள் நிம்மதியாக இருந்தார்கள் என்று எண்ண வேண்டாம். அவர்களில் பலரும் நெளிந்தார்கள், குழம்பினார்கள். ஆனாலும் கண்டதைச் சொன்னார்கள்.

இருட்டில் ஒரு விளக்கு

கோடு தெளிவான விஷயம். தெளிவில்லாத விஷயத்தில் என்ன ஆகும்? துருக்கியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய முசாபர் ஷெரீப் இதை 1935ல் ஆராய்ந்தார். கும்மிருட்டான அறையில் ஒரு புள்ளி வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், அது அசையாமல் இருந்தாலும் அசைவது போலத் தோன்றும். இது கண்ணின் இயல்பு. எவ்வளவு அசைந்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். இரண்டு மூன்று பேரைச் சேர்த்து உட்கார வைத்துச் சொல்லச் சொன்னால், அவர்களுடைய கணக்குகள் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி ஏறக்குறைய ஒன்றாகிவிடும். பிறகு தனியாகக் கேட்டாலும் அந்தக் குழுவின் கணக்கையே சொல்வார்கள். தன் கணக்கு என்றே நம்பிச் சொல்வார்கள்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். ஆஷின் அறையில் பலர் வாயால் மட்டும் ஒத்துக்கொண்டார்கள். உள்ளே கண் கண்டது கண்டபடி இருந்தது. ஷெரீப்பின் அறையில் மனமே மாறிவிட்டது. நம் வாழ்க்கையில் வருவது பெரும்பாலும் இரண்டும் கலந்ததுதான். முதலில் வாய் ஒத்துக்கொள்ளும். நாளாக ஆக, நாம் கண்டதே அதுதான் என்று மனமும் ஒத்துக்கொள்ளும்.

தண்டவாளத்தில் ஒரு கீறல்

இனி என் கதை. 1980களின் நடுவில் மத்திய இந்தியாவில் ஒரு சிறிய ஸ்டேஷன், பெயர் வேண்டாம். நான் வேலையில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒரு நாள் பின்னிரவில் லூப் லைனுக்குள் நுழைந்த கூட்ஸ் வண்டியின் ஒரு வேகன் பாயிண்ட்ஸ் அருகில் தடம் புரண்டது. உயிர்ச்சேதம் இல்லை. பக்கத்தில் தங்கியிருந்த நான்தான் எங்கள் இலாகாவிலிருந்து முதலில் போய்ச் சேர்ந்தேன்.

தடம் புரண்டால் முதலில் தேட வேண்டியது சக்கரம் ஏறிய இடம். சக்கரத்தின் உள்பக்க விளிம்பு தண்டவாளத்தின் தலைமேல் ஏறி, சிறிது தூரம் உருண்டு, பிறகு வெளியே விழும். ஏறிய இடத்திலிருந்து தண்டவாளத்தின் தலையில் ஒரு கீறல் இருக்கும். அந்த இடத்தைப் பூஜ்ஜியம் என்று வைத்துத்தான் முன்னும் பின்னும் எல்லா அளவுகளும் எடுப்போம். அது ஒரு ஸ்லீப்பர் தள்ளிப் போனாலும் குற்றம் வேறொருவர் தலையில் விழும்.

டார்ச் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன். பாயிண்ட்ஸின் நாக்கு முனைக்கு இரண்டு ஸ்லீப்பர் முன்னாலேயே மெல்லிய கீறல் ஒன்று தொடங்கியதாக எனக்குத் தெரிந்தது. பாக்கெட் நோட்டில் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

விடிந்ததும் எல்லா இலாகா சூப்பர்வைசர்களும் வந்தார்கள். எல்லோரும் சேர்ந்து பார்த்துக் கூட்டுக் குறிப்பு எழுதிக் கையெழுத்திட வேண்டும். அவர்களில் மூத்தவர் உட்கார்ந்து விரலை வைத்து, "இதோ, சரியாக நாக்கு முனையிலிருந்துதான் ஏறியிருக்கிறது" என்றார். இரண்டாமவர் ஆமாம் என்றார். மூன்றாமவரும் ஆமாம் என்றார். என் மேலதிகாரியும் தலையசைத்தார். முனையில் ஏறியது என்றால் பாயிண்ட்ஸ் சரியாக ஒட்டி உட்காரவில்லை என்று பொருள். அதைப் போட்ட பாயிண்ட்ஸ்மேன் பொறுப்பாவார். முன்னாலேயே ஏறியது என்றால் சக்கரத்தையும் தண்டவாளத்தையும் சோதிக்க வேண்டும். தடம் புரண்ட வேகன் பாயிண்ட்ஸையே சிதைத்திருந்ததால், அது முன்பு எப்படி இருந்தது என்று பார்க்க வழியில்லை. கீறல் ஒன்றுதான் சாட்சி.

என் முறை வந்தது. "ஆமாம் சார், அப்படித்தான் தெரிகிறது" என்றேன். இரண்டு ஸ்லீப்பர் என்று எழுதியிருந்ததை நோட்டில் அழித்துவிட்டேன். கருத்து மாறுபட்டால் மாறுபட்ட குறிப்பைத் தனியாக எழுதிவைக்க ரயில்வேயில் இடம் உண்டு. அது எனக்குத் தெரியும். தண்டவாளத்தில் குறை என்று வந்தால் எங்கள் இலாகாவுக்குத்தான் சங்கடம் என்பதும் தெரியும். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பாயிண்ட்ஸ்மேனுக்கு இரண்டு ஆண்டு இன்கிரிமென்ட் நிறுத்தம் என்று உத்தரவு வந்தது. ஒரு நாள் அவர் என்னைத் தேடி வந்தார். "சாப், நான் பாயிண்ட்ஸைச் சரியாகத்தான் போட்டேன். நீங்கள்தானே முதலில் வந்தீர்கள், ஏதாவது பார்த்தீர்களா?" என்று இந்தியில் கேட்டார். "எல்லோரும் சேர்ந்துதானே பார்த்தோம்" என்றேன். அவர் கைகூப்பிவிட்டுப் போய்விட்டார். சில மாதங்களில் எனக்கு மாற்றல் வந்தது. பிறகு அவரைப் பார்க்கவில்லை.

நான் கண்ட கீறல் பழைய கீறலாகவே இருந்திருக்கலாம். மற்ற நால்வரும் என்னைவிட அனுபவசாலிகள். அவர்கள் சொன்னதே சரியாக இருந்திருக்கலாம். ஆனால் நான் கண்டதைச் சொல்லியிருந்தால், எல்லோரும் இன்னொரு தடவை குனிந்து பார்த்திருப்பார்கள். அந்த இன்னொரு தடவையைத்தான் நான் அழித்தேன்.

தனி எண்

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பலவீனம் ரயில்வேயின் விதிகளை எழுதியவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. இன்டர்லாக் இல்லாத லெவல் கிராசிங்கில் கேட்டை மூடிவிட்டேன் என்று கேட்மேன் போனில் வெறுமனே சொன்னால் போதாது. தன்னிடம் உள்ள புத்தகத்திலிருந்து ஒரு தனி எண்ணைச் சொல்ல வேண்டும். அந்த எண் ஸ்டேஷன் மாஸ்டருக்கு முன்கூட்டித் தெரியாது. ஆகவே அவர் ஊகித்து, "மூடிவிட்டாய் அல்லவா?" என்று கேட்டு, இவர் "ஆமாம் சார்" என்று சொல்லி முடிக்க வழியில்லை. எண் அவரவர் புத்தகத்திலிருந்து வர வேண்டும்.

என்ஜினில் ஓட்டுநரும் உதவி ஓட்டுநரும் சிக்னலைக் கண்டதும் அதன் நிலையை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்ல வேண்டும் என்பதும் விதி. உதவியாளர் தானே சிக்னலைப் பார்த்துச் சொன்னால் அங்கே இரண்டு ஜோடிக் கண்கள். ஓட்டுநர் 'பச்சை' என்றதைக் கேட்டுத் தானும் 'பச்சை' என்றால் ஒரே ஜோடிதான். இரண்டு சம்பளம் கொடுத்தும் பயனில்லை.

ஆஷும் இதையே வேறு விதமாகக் கண்டார். நம் ஆள் விடையை உரக்கச் சொல்லாமல் தாளில் எழுதிக்கொள்ளலாம் என்றபோது கூட்டத்துக்கு இணங்குவது பெரிதும் குறைந்தது. இன்னும் முக்கியமானது, அறையில் உண்மை சொல்லும் இன்னொருவரை உட்கார வைத்தபோது நடந்தது. அந்த ஒரே ஒரு துணை இருந்ததால், நம் ஆள் தவறாகச் சொல்வது கால் பங்காகக் குறைந்தது. எதிரே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைவிட, நம்மோடு ஒருவராவது இருக்கிறாரா என்பதே பெரிதாக இருந்தது.

இது அமெரிக்க மாணவர்களின் குணம் மட்டும்தானோ என்ற சந்தேகம் வரலாம். 1996ல் பாண்ட், ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் 17 நாடுகளில் இதே முறையில் நடந்த 133 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் 1950களுக்குப் பிறகு இந்த இணக்கம் குறைந்து வந்திருக்கிறது. குடும்பம், சமூகம் என்று சேர்ந்து வாழ்வதைப் பெரிதாகப் போற்றும் நாடுகளில் இது கூடுதலாக இருக்கிறது. பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்ந்த நாம் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிறர் தந்த நான்

அப்படியானால் பிறரை ஒதுக்கிவிட்டுத் தனியே நிற்பதுதான் தனித்தன்மையா? அதையும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. தென்காசிப் பக்கத்தில் இருந்தவரை நான் இன்ன தெருவில் இன்னாருடைய மகன், அவ்வளவுதான். வடக்கே வேலைக்கு வந்தபோது, பல்லார்ஷா தாண்டியதும் ரயிலில் உடன் வந்தவர்கள் என்னை 'மதராசி' ஆக்கினார்கள். நான் தமிழன் என்பது மற்றவர்கள் சொல்லித்தான் எனக்கு உறைத்தது. பிறருடைய பார்வை ஒரு கண்ணாடி, அதில் பார்த்துத்தான் நாம் நம்மை அறிகிறோம் என்று சார்லஸ் கூலி என்ற அமெரிக்க சமூகவியல் அறிஞர் 1902லேயே எழுதினார். ஊரை விட்டு வந்த நம்மில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

வேலையும் அப்படித்தான். ஸ்லீப்பரைத் தட்டி, எழும் சத்தத்தைக் கேட்டு, அடியில் ஜல்லி கெட்டியாக இருக்கிறதா, வெற்றிடம் விழுந்திருக்கிறதா என்று சொல்ல எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சத்தீஸ்கர்க்காரரான ஒரு கேங் மேட். பாலிடெக்னிக்கில் அது இல்லை. என் காதே அவர் கொடுத்ததுதான். ஆனால் தட்டிவிட்டு அவர் என் முகத்தைப் பார்ப்பார். "சொல்லுங்கள் சாப்" என்பார். நான் சொன்ன பிறகுதான் தன் முடிவைச் சொல்வார். நான் முதலில் சொல்ல வேண்டும் என்று அவர் காத்திருந்ததன் அருமை எனக்கு அப்போது தெரியவில்லை.

மனிதர்கள் ஒன்றுகூடி ஒரு முடிவுக்கு வருவது சமூகத்துக்கு அவசியம். ஆனால் ஒவ்வொருவரும் தாம் கண்டதைச் சொந்தமாகக் கொண்டுவந்து சேர்த்தால்தான் அந்த முடிவுக்கு மதிப்பு என்பதே ஆஷின் கருத்தும். கூட்டுக் குறிப்பில் ஐந்து கையெழுத்து இருக்கலாம். ஐந்து பேர் பார்த்தார்கள் என்று அதற்குப் பொருளல்ல.

நாம் செய்யக்கூடியது

இவ்வளவும் படித்த பிறகு எனக்குப் புதிதாகத் துணிச்சல் ஒன்றும் வந்துவிடவில்லை. அறுபது வயதுக்கு மேல் குணம் மாறுவது கடினம். ஆனால் பழக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். மூன்று பழக்கங்களை மட்டும் கடைப்பிடிக்க முயல்கிறேன்.

பிறர் கருத்தைக் கேட்பதற்கு முன் என் கருத்தைத் தாளில் மையால் எழுதிவிடுகிறேன், பென்சிலை விட்டுவிட்டேன். பிறகு கேட்டு, காரணம் தெரிந்தால் மாற்றிக்கொள்கிறேன். மாற்றினால் பழையதை அழிக்காமல் அதன்மேல் ஒரு கோடு மட்டும் போடுகிறேன்.

வீட்டில் ஒரு விஷயம் பேசும்போது வயதில் சிறியவரிடம் முதலில் கேட்கிறேன். பேத்தி எந்தப் படிப்பில் சேருவது என்று பேச்சு வந்தபோது, தாத்தாவும் அப்பாவும் பேசி முடித்த பிறகு அவளிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்பது இப்போது எனக்குத் தெரியும். ஆகவே முதலில் அவளைக் கேட்டோம். வந்த பதில் எங்கள் யாருடைய பட்டியலிலும் இல்லாத படிப்பு!

மூன்றாவது, கூட்டத்தில் யாராவது தனியாக ஒன்றைச் சொல்லி, அது எனக்கும் சரி என்று பட்டால், வாய் திறந்து "எனக்கும் அப்படித்தான் தெரிகிறது" என்று சொல்லிவிடுகிறேன். வெளியே வந்து காதோடு காதாகச் சொல்வதில் அவருக்கு என்ன பயன்?

போட்டி விஷயத்தையும் சங்கச் செயலாளரிடம் எடுத்துச் சொன்னேன். வரும் பொங்கலிலிருந்து நடுவர்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்து, மதிப்பெண்ணை மூடிய தாளில் கொடுப்பது என்று செயற்குழுவில் முடிவாகியிருக்கிறது. நீலச் சட்டைச் சிறுவனின் வீட்டுக்கும் போய், நான் முதலில் என்ன மதிப்பெண் போட்டேன் என்பதை அவனிடமும் அவன் பெற்றோரிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த மூத்த நடுவரிடமும் கூச்சத்தோடு எல்லாவற்றையும் சொன்னேன். கோபித்துக்கொள்வாரோ என்ற பயம் இருந்தது. அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நான் என் அபிப்பிராயத்தைத்தானே சார் சொன்னேன்? உங்களுடையதை நீங்கள் சொல்வீர்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன்" என்றார்.